தைலக் கன்றைக் கொன்றது பனியல்ல

தை பிறந்ததும் ஆலத்தியூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் ஆண்டுதோறும் ஒரே தீர்ப்புதான் சொல்லப்படுகிறது. கார்த்திகையில் நட்ட தைல மரக் கன்று நுனி கருகி, இலை சுருண்டு நிற்கும். நட்டவர் "பனி அடிச்சிருச்சு" என்பார். கன்று விற்றவரைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். அத்துடன் விசாரணை முடிந்துவிடும். அதே ஆட்களிடம் சித்திரையில் போய், இந்த மேட்டுக் கொல்லையில் தைலம் வருமா என்று கேட்டால், "தைல மரந்தானே, எங்க வெச்சாலும் வரும். ரெண்டு வருசத்துல மண்ணுக்குப் பழகிக்கும்" என்று பதில் வரும். எங்கும் வரும் என்றால் பனி எப்படிக் கொன்றது? பனிக்கே செத்துவிடும் என்றால் எங்கும் வருவது எப்படி? இரண்டையும் ஒரே வாய் சொல்கிறது, யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை.

இரண்டுமே தவறு, இரண்டுக்கும் வேர் ஒன்றே. தாங்கும் திறன் என்பது தைல மரம் என்ற பெயரோடு கூடவே பிறந்தது, அதை யாரும் உண்டாக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கைதான் அந்த வேர். உண்மையில் குளிரோ வெயிலோ வறட்சியோ, ஒரு கன்று எவ்வளவு தாங்கும் என்பதை அது எந்த வித்திலிருந்து வந்தது என்பதும், நாற்றங்காலில் அதன் கடைசிச் சில வாரங்கள் எப்படிக் கழிந்தன என்பதும் தீர்மானிக்கின்றன. முதலாவது, மனிதர் தேர்ந்தெடுப்பது; இரண்டாவது, மனிதர் செய்வது. இந்த இரண்டையும் செய்யாமல் விட்டவர்கள்தான் பழியைப் பனி மேல் போடுகிறார்கள்.

முதலில் பனிக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆலத்தியூர் இருக்கும் செந்துறை வட்டாரத்தில் மார்கழி, தை இரவுகள் எவ்வளவு குளிர்ந்தாலும் வெப்பநிலை பதினெட்டு, இருபது டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. விடியற்காலையில் முந்திரி இலையிலும் தைல இலையிலும் நாம் பார்ப்பது நீர்த்துளி. அது பனிக்கட்டி அல்ல. செடியின் உயிரணுவைக் குளிர் கொல்ல வேண்டுமானால் இலைக்குள் நீர் உறைய வேண்டும். பனிக்கட்டி முதலில் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளியில் உருவாகி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உயிரணு வற்றிச் சுருங்கி, அதன் சவ்வு கிழிகிறது. வெயில் ஏறியதும் இலை வெந்ததுபோலத் தொங்கிப்போகிறது. இதுதான் உறைபனிச் சாவு. இதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவு வேண்டும். சில வெப்பநாட்டுச் செடிகள் உறைநிலைக்கு மேலேயே குளிரில் நொந்துபோகும் என்பது உண்மை. அதற்கும் பத்து டிகிரியை ஒட்டிய குளிர் தேவை. ஆலத்தியூருக்கு இரண்டுமே வருவதில்லை.

உறைபனி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் உதகமண்டலத்துக்குப் போக வேண்டும். ஆலத்தியூரும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பதினோரு டிகிரி வடக்கைத் தாண்டியவுடன் இருக்கின்றன. ஆண்டின் எந்த நாளை எடுத்தாலும் இரண்டு ஊரிலும் பகலின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், நம் ஊர் நூறு மீட்டரை ஒட்டியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களின் புல்வெளிகளில் காலையில் வெள்ளை விரித்ததுபோல் உறைபனி கிடக்கிறது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. வானிலைக் கருவி இருக்கும் உயரத்தைவிடத் தரையை ஒட்டி வெப்பநிலை சில டிகிரி குறைவாக இருக்கும். ஒரு சாண் கன்று நிற்பது அந்த அடுக்கில்தான். அதனால் அதே இடத்தில் வளர்ந்த மரம் தப்பும்போது கன்று சாகிறது.

இந்தக் குளிர் அங்கே காட்டின் எல்லையையே வகுத்திருக்கிறது. சோலைக்கும் புல்வெளிக்கும் இடையில் ஏன் கோடு கிழித்ததுபோல் எல்லை இருக்கிறது என்று 1938இல் சி. ஆர். ரங்கநாதன் எழுதிய காலத்திலிருந்து விவாதம் நடக்கிறது. 2020இல் அதுல் ஜோஷி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, புல்வெளியில் நட்ட சோலை மரக் கன்றுகளை உறைபனி அழிப்பதையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரக் கன்றுகள் அதைத் தாங்குவதையும் காட்டியது. நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே மலையில் இருந்த சோலை மரத்துக்குப் பக்கத்துப் புல்வெளியின் உறைபனி 'பழகவில்லை'. நேற்று வந்த சீகைக்குப் பழக வேண்டிய அவசியமே இல்லை, அதன் வித்தில் அது முன்பே இருந்தது.

இப்போது 'பழகிக்கும்' என்ற வாதத்துக்கு வருகிறேன். இதை நம்புகிறவர்கள் நீலகிரியையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். கேப்டன் காட்டன் 1843இல் அங்கே நீலக் கற்பூர மரத்தைக் கொண்டுவந்தார், 1856 முதல் விறகுக்காகத் தோட்டம் தோட்டமாக நட்டார்கள், நூற்றெண்பது ஆண்டாக நிற்கிறதே, பழகாமலா என்று கேட்கிறார்கள். அந்த மரம், யூகலிப்டஸ் குளோபுலஸ், டாஸ்மேனியாவிலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையிலும் பிறந்தது. குளிரும் ஈரமும் அதன் தாய்வீட்டுச் சீதனம். ஊட்டி அதன் ஊரைப்போல் இருந்ததால் அது அங்கே நிலைத்தது. மரங்கள் இடத்துக்குப் பழகும் என்பது உண்மையானால், இந்த நூற்றெண்பது ஆண்டில் அது குன்னூர் மலைப்பாதை வழியே இறங்கி மேட்டுப்பாளையத்தையும் கோயம்புத்தூரையும் தாண்டி நம்மூர்க் கொல்லைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. சமவெளியில் நிற்பது வேறு இனங்கள். யூகலிப்டஸ் டெரிடிகார்னிஸ், கமால்டுலென்சிஸ், அவற்றின் கலப்புகள். தைலம், யூகலிப்டஸ், ஆர்.எஸ்.பதி என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அதற்குள் எழுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியப் பனிமலையில் மரங்கள் முடியும் எல்லைவரை ஏறி நிற்கும் இனமும் அதில் உண்டு, பிலிப்பைன்ஸின் மழைக்காட்டு இனமும் உண்டு. அத்தனையையும் ஒரு மரமாக எண்ணி 'எதையும் தாங்கும்' என்பது, ஊட்டி மரத்தின் குளிர்த்திறனையும் நம் மரத்தின் வெயில்திறனையும் சேர்த்துக் கட்டி, இல்லாத ஒரு மரத்தை உண்டாக்குவது.

ஒரே இனத்துக்குள்ளும் இது பொருந்தும். கமால்டுலென்சிஸ் ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் ஆற்றோரங்களில் வளர்கிறது. விக்டோரியா மாநிலத்தின் அல்பாகுட்யா ஏரிக்கரை வித்து, குளிர்காலத்தில் மழை பெறும் மத்தியதரைக்கடல் நாடுகளுக்கு ஏற்றதாக நின்றது. குயின்ஸ்லாந்தின் பெட்ஃபோர்டு வித்து, கோடையில் மழை பெறும் வெப்ப நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் ஏற்றதாக நின்றது. பெட்ஃபோர்டு கன்றை மத்தியதரைக்கடல் குளிரில் ஐந்தாண்டு வைத்திருந்தால் அல்பாகுட்யா ஆகிவிடாது. வனத்துறையினர் எந்த ஊர் வித்து என்று கேட்பது இதனால்தான். நம் கொல்லையில் அந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

உலகம் இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரியது. சோவியத் ஒன்றியத்தில் கருங்கடல் கரையோரம், ஜார்ஜியாவில், பெருமளவில் யூகலிப்டஸ் நட்டார்கள். செடியைக் குளிருக்குப் பயிற்றுவித்தால் அந்தப் பயிற்சி அடுத்த தலைமுறைக்கும் போகும் என்ற லைசென்கோவின் கொள்கை கோலோச்சிய காலம் அது. 1949–50 குளிர்காலம் அந்தத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. தெற்குப் பிரான்சில் காகிதக் கூழுக்காக 1970களிலிருந்து நட்ட மரங்களில் பலவற்றை 1985 ஜனவரிக் குளிர் கொண்டுபோனது. 2008 தொடக்கத்தில் தென்சீனத்தைத் தாக்கிய பனியும் உறைமழையும் அங்கே யூகலிப்டஸ் தோட்டங்களைச் சிதைத்தன. சில ஆண்டு மிதமான குளிரில் நன்றாக நின்றதைப் பார்த்து 'பழகிவிட்டது' என்று சொன்ன மரங்கள்தான் இவற்றில் பல. மிதமான ஆண்டுகள் மரத்தை மாற்றவில்லை. கடுமையான ஆண்டு வரும்வரை சோதனை நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சான்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள ஆர்போர்ஜென் நிறுவனம், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் குளிர்தாங்கும் மரபணுவை யூகலிப்டஸ் கலப்பினத்துக்குள் செலுத்தி, அதைத் தடையின்றி நட அனுமதி கேட்டு 2011இல் அந்நாட்டு வேளாண் துறையிடம் மனுச் செய்தது. அந்த மரத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், மரம் தானாகப் பழகிக்கொள்ளுமென்றால் இத்தனை செலவில் வேற்றுச் செடியின் மரபணுவைத் தேடிப்போக வேண்டிய தேவை அவர்களுக்கு ஏன் வந்தது என்று 'பழகிக்கும்' என்பவர்கள் சொல்லட்டும்.

தலைமுறை தலைமுறையாக ஒரு மரக்கூட்டம் ஓர் இடத்துக்குப் பொருந்திவருவது உண்டு, அதை மறுக்கவில்லை. நந்தி மலையில் திப்பு சுல்தான் காலத்தில், ஏறக்குறைய 1790இல், வந்ததாகச் சொல்லப்படும் பல இனங்களில் பிழைத்து, கலந்து, அங்கிருந்து பரவியதுதான் 'மைசூர் கம்' என்ற பெயரில் சமவெளியெங்கும் போனது. அங்கே நடந்தது தெரிவு. பொருந்தாதவை செத்தன, பொருந்தியவை விதை போட்டன. எந்தத் தனி மரமும் பழகவில்லை. அந்த வழியும் இப்போது நமக்கு அடைபட்டிருக்கிறது. இன்று காகித ஆலைகளுக்காக நம் கொல்லைகளில் நடுவது பெரும்பாலும் குளோன் கன்று. தாய்ச்செடியின் தளிர்க்கொம்பை வெட்டி வேர்விட வைத்தது. ஆயிரமாவது கன்றும் தாயின் அதே நகல். விதை இல்லை, கலப்பு இல்லை, தலைமுறை மாற்றம் இல்லை. பத்தாண்டு கழித்து வெட்டி, மறுபடியும் அதே குளோனை நட்டால், முந்தைய மரம் அந்த மண்ணில் பட்ட பாட்டின் ஒரு துளிகூட புதுக் கன்றுக்குப் போய்ச் சேராது. குளோன் நட்டுக்கொண்டே 'பழகிக்கும்' என்பது முற்றிலும் ஆதாரமில்லாத பேச்சு.

அப்படியானால் பழக்குதல் என்று ஒன்று இல்லையா? இருக்கிறது, அது நாற்றங்காலில் இருக்கிறது. குளிர்நாட்டு ஓக், மேப்பிள் மரங்கள் குளிர்காலத்துக்கு முன் வளர்ச்சியை நிறுத்தி, செதில் மூடிய மொட்டுக்குள் உறங்குகின்றன. யூகலிப்டஸுக்கு அந்த உறக்கம் கிடையாது. அதன் நுனி மொட்டு திறந்தே கிடக்கிறது, சூடு கிடைத்தால் எந்த மாதத்திலும் துளிர்க்கும். எனவே அதன் குளிர்த்திறன் பெரிதும் வெப்பநிலையைப் பின்பற்றி ஏறி இறங்குகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் இரவுகள் சில வாரம் தொடர்ந்தால் உயிரணுவில் சர்க்கரை சேர்கிறது, சவ்வின் கொழுப்பமைப்பு மாறுகிறது, சி.பி.எஃப். என்னும் மரபணுக் குழு விழித்துக்கொள்கிறது. 2014இல் யூகலிப்டஸ் கிராண்டிஸின் முழு மரபணுத் தொகுப்பு வெளியான பிறகு இந்தக் குழுவைப் பற்றித் தெளிவாகத் தெரிந்தது. இளங்கன்றின் இலை செம்மை பூசிக்கொள்வதும் இந்த ஆயத்தத்தில் சேர்ந்தது. குளிர்ந்த காலையில் இலையின் வேதிவினை மந்தமாக இருக்கும்போது மேலே விழும் வெயில் மிகையாகி இலையைச் சுடுகிறது, அதை அந்தச் செம்மை மறைக்கிறது. இப்படி ஆயத்தமான, டாஸ்மேனிய இனமான யூகலிப்டஸ் கன்னியின் கன்று பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கு மேலும் தாங்கும். வெதுவெதுப்பான கூடாரத்திலிருந்து நேரே வெளியே வைத்த அதே இனக் கன்று நான்கைந்து டிகிரியிலேயே போய்விடும். ஆயத்தம் நிலையானதும் அல்ல. நடுவில் ஒரு வாரம் வெப்பம் வந்தால் கன்று அதைக் கழற்றிப் போட்டுவிடும். டாஸ்மேனியாவில் நாற்றை எந்த வாரம் வெளியே எடுத்தார்கள், எத்தனை குளிர் இரவு கண்டது என்று கணக்கு வைக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

'அதெல்லாம் குளிர் நாட்டுக்கு, நமக்கென்ன' என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள்தான் என் முதல் எதிராளிகள். நமக்கு உறைபனி இல்லை, ஆனால் ஆயத்தமில்லாத கன்று இருக்கிறது. மிஸ்ட் சேம்பரில் வேர்விட்டு, நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்த குளோனின் இலை மெல்லியது, மெழுகுப் பூச்சு குறைந்தது, இலைத் துளைகளைச் சரியாக மூடத் தெரியாதது. அதை நிழலிலிருந்து சிறிது சிறிதாக வெளியே கொண்டுவந்து, தண்ணீரை இடைவெளிவிட்டுக் கொடுத்து, தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல் சத்தைக் கூட்டி, கன்றுகளை இடம்விட்டு அடுக்கி, சில வாரம் முழு வெயிலில் நிறுத்த வேண்டும். நாற்றங்கால்காரர்கள் இதை 'ஹார்டனிங்' என்பார்கள். மழை தொடங்கி, கேட்பு ஏறி, லாரி வாசலில் நிற்கும் நாளில் முதலில் வெட்டுப்படுவது இந்த வாரங்கள்தான். பச்சைப்பசேலென்று கொழுத்த கன்றைப் பார்த்து வாங்குகிறவரும் மகிழ்கிறார். அந்தக் கொழுப்பே அதன் பலவீனம்.

அடுத்தது நட்ட காலம். நம் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. முதல் மழையில் நட்ட கன்று இரண்டு மாத ஈரத்தில் வேரை ஆழத்துக்கு அனுப்பிவிடும். கன்று தாமதமாக வந்து, கார்த்திகைக் கடைசியில் நட்டால், வேர் பைமண்ணைத் தாண்டும் முன் மழை முடிந்துவிடும். மார்கழியில் மேல்மண் காயத் தொடங்குகிறது, தையில் நடுப்பகல் வெயில் ஏறுகிறது. இரவு பெய்யும் பனித்துளி இலையை நனைக்கிறதே தவிர வேருக்குப் போவதில்லை. அந்தச் சமயத்தில்தான் கன்று கருகுகிறது. பனியும் அந்தச் சமயத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே நின்றவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம், கொல்லையை நடந்து பார்த்தால் போதும். குளிர் கொன்றதென்றால், தெளிந்த வானம் இருந்த ஓர் இரவுக்குப் பின், ஒரே காலையில், பள்ளத்துக் கன்றுகள் முதலில் போயிருக்கும், மேட்டுக் கன்றுகள் தப்பியிருக்கும். நம் கொல்லைகளில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. மேட்டிலும் சுக்கான் தெரியும் இடத்திலும் கன்று முதலில் வாடுகிறது, ஈரம் தேங்கிய தாழ்வில் பச்சையாக நிற்கிறது. வாட்டம் ஓரிரவில் வருவதில்லை, இரண்டு மூன்று வாரம் எடுக்கிறது. இந்த ஒரு கவனிப்பே பனி வழக்கைத் தள்ளுபடி செய்யப் போதுமானது. வேறு காரணங்களும் தம் தடயத்தை இலையில் விட்டுப்போகின்றன. நடுநரம்பிலும் காம்பிலும் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அது லெப்டோசைபி என்னும் சிறு குளவியின் வேலை. 2000களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்குள் வந்து நாற்றங்கால்களைச் சூறையாடிய பூச்சி அது. அடியிலைகளில் பழுப்புப் புள்ளி தொடங்கி மேலே ஏறினால் பூஞ்சணம். இங்கே பனித்துளிக்கு ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது குளிரால் அல்ல, இலையை நெடுநேரம் நனைத்து வைப்பதால். கன்றுகளை நெருக்கி அடுக்காமல் இருந்தால் பாதி தீரும். புதுத் தளிர் வெளுத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர் நம்முடையது. செந்துறைச் செம்மண்ணுக்கு ஒத்துவரும் குளோன், சுண்ணாம்புக்கல் மேலேறி வரும் நிலத்தில் மஞ்சளாய் நிற்பதில் வியப்பென்ன?

தைல மரத்தை எதிர்ப்பவர்களிடமும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் தைலக் காடுகளை அகற்றக் கேட்டு விவசாயிகள் போராடுகிறார்கள், அவர்களின் நீர்க் கவலை நியாயமானது. ஆனால் 'இது எதற்கும் சாகாத அரக்க மரம்' என்று மேடையில் பேசும்போது, விற்பவரின் விளம்பரத்தைத்தான் திருப்பிச் சொல்கிறோம். எங்கும் வரும் என்ற அந்த நம்பிக்கைதான் முட்புதர்க் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் 'வீண்நிலம்' என்று எழுதி, ஆராயாமல் இதை நடுவதற்கு வழி திறந்தது. இந்த மரத்துக்கு எல்லை உண்டு, இது பொருந்தாத நிலம் உண்டு என்று சொல்வதே அதைத் தடுக்கும் வலுவான வாதம்.

பனி மேல் பழி போடுவது யாருக்கு வசதி என்று பாருங்கள். பனிக்கு யாரும் பொறுப்பில்லை. ஆயத்தமில்லாத கன்றை அனுப்பிய நாற்றங்காலுக்குக் கேள்வி இல்லை, தாமதமாகக் கன்று கொடுத்த திட்டத்துக்குக் கேள்வி இல்லை, மண்ணைப் பார்க்காமல் குளோனைத் தேர்ந்தவருக்குக் கேள்வி இல்லை. குழி வெட்டிய கூலி, கன்றுக் காசு, ஒரு பருவம் எல்லாம் நட்டவர் தலையில் விழுகின்றன. அடுத்த ஐப்பசியில் அதே கன்று, அதே தாமதம், அதே தைமாதக் கருகல்.

அதனால் என் கோரிக்கை கன்று விற்கும் ரசீதைப் பற்றியது. குளோனின் எண்ணோ வித்தின் ஊரோ அதில் இருக்க வேண்டும். நிழல்வலையிலிருந்து முழு வெயிலுக்குக் கன்றை மாற்றிய தேதி இருக்க வேண்டும். எந்த மண்ணுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதும் இருக்க வேண்டும். காகித ஆலைகளின் கன்று வழங்கும் திட்டங்களும் அரசு நாற்றங்கால்களும் தொடங்கினால் தனியார் பின்தொடர்வார்கள். இதற்குப் புதுச் செலவு ஏதுமில்லை, நாற்றங்கால் பதிவேட்டில் எழுதுவதை ரசீதிலும் எழுதினால் போதும். தையில் கன்று கருகினால், நட்டவர் அந்தத் தேதியையும் நட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விற்றவரிடம் போய்க் கேட்கலாம்.